சதுரங்கச் சங்கமும் அடுத்த நாட்டு ஆட்சியும்

நேயர்களுக்கு வணக்கம். செஸ் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போர்டு இல்லாமல், காயை நகர்த்திக் காட்டாமல் வானொலியில் ஆட்டத்தை விளக்க முடியாது, அதனால் ஆட்டத்தை நடத்துகிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன். பாளையங்கோட்டையில் பிள்ளைகளைப் போட்டிக்குள் அனுப்பிவிட்டு வெளியே மரத்தடியில் மணிக்கணக்காகக் காத்துக்கிடக்கிற பெற்றோர் நடுவே அடிக்கடி கிளம்புகிற கேள்வி இது: வேறொரு நாட்டில் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை, எதிர்க்கட்சிக்காரரை உள்ளே தள்ளுகிறார்கள் என்றால், நம் நாட்டுச் செஸ் சங்கம் கண்டித்து அறிக்கை விட வேண்டுமா, வேண்டாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் கரண்ட் போனாலும் கவலையில்லை. போர்டுக்கு முன்னால் வந்து உட்காருகிற ஆளை அந்த ஆட்சி தொட்டால் சங்கம் பேசியே ஆக வேண்டும், நஷ்டம் வந்தாலும் பேச வேண்டும். தொடாத விஷயத்துக்கு அறிக்கை விடுவது சங்கத்தின் வேலை இல்லை.

நஷ்டம் என்றேனே, அதற்கு நம்ம பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. என் வீட்டில் எல்லோருக்கும் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது, நீங்கள்தான் இன்றைக்கு மாட்டிக்கொண்டீர்கள். 1908. தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், பின்னால் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஊரே ஒரு பக்கம். அந்த நேரத்தில் ஒரு வக்கீல் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார், பாதி முகம் முடிந்துவிட்டது, பேச்சுவாக்கில் அவர் வ.உ.சி.க்கு எதிர்ப்பக்கம் என்று தெரிகிறது. அவ்வளவுதான், சவரத் தொழிலாளி கத்தியை மடக்கிவிட்டுக் கிளம்பிவிட்டாராம். கற்பனை செய்து பாருங்கள், ஒரு கன்னம் பளபளப்பு, மறு கன்னம் முள்ளுக்காடு, வக்கீல் ஐயா எப்படிக் கோர்ட்டுக்குப் போவது? கூலி போனது தொழிலாளிக்கு. வக்கீல் வீட்டு வாடிக்கையும் போயிருக்கும். ஆனால் அவர் கையில் இருந்த வேலையை வைத்து, தன் ஊர்க்காரியத்தில், தன் வருமானத்தை விட்டுக்கொடுத்துப் பேசினார். கடல் தாண்டி இருக்கிற ஏதோ ஒரு ராஜாங்கத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுவிட்டு வழக்கம்போலக் கடை திறக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு செஸ்ஸுக்கு வாருங்கள். தென்னாப்பிரிக்காவை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, அதாவது ஃபிடே, 1974ல் விலக்கியது, 1992ல்தான் திரும்பச் சேர்த்தது. அது சரி. நிறவெறி என்பது யார் யாரோடு ஒரே மேசையில் உட்காரலாம் என்பதையே தீர்மானித்த ஆட்சி, அப்புறம் செஸ்காரன் எப்படி எனக்குச் சம்பந்தமில்லை என்பான்? அதேபோல் 2018ல் ஈரானில் ஆசிய அணிப் போட்டி நடந்தபோது, தலையை மறைத்துக்கொண்டு ஆட மாட்டேன் என்று நம் சௌம்யா சுவாமிநாதன் விலகிக்கொண்டார். ஒரு பெண் தனி ஆளாக, தன் வாய்ப்பை இழந்து சொன்னார். அதைச் சங்கம் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்பது இந்த மாதிரிப் பேச்சைத்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1972ல் மெட்ராஸ் சோவியத் கலாச்சார மையத்தில் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் முன்நின்று டால் சதுரங்கக் கிளப் தொடங்கினார். சின்னப் பையனாக விஸ்வநாதன் ஆனந்த் ஆடி வளர்ந்த இடம் அது. சோவியத் நாட்டில் ஒரே கட்சி, மாற்றுக் கட்சிக்கு இடமே கிடையாது, ஊர் உலகத்துக்கே தெரியும். அங்கே ஜனநாயகம் வரட்டும், அதுவரை உங்கள் புத்தகமும் வேண்டாம் கடிகாரமும் வேண்டாம் என்று நாம் அன்றைக்கு முறைத்துக்கொண்டிருந்தால்? நான் சோவியத் ஆட்சிக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்தக் கிளப்பில் உட்கார்ந்த பிள்ளையை யாரும் என்ன ஜாதி, எந்தக் கட்சி என்று கேட்கவில்லை, அதைச் சொல்கிறேன்.

தனி ஆட்டக்காரர் வாயைத் திறப்பது வேறு கணக்கு. உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்ததும் அதை ஆதரித்துப் பேசிய ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் செர்கே கார்யாகினை ஃபிடே ஆறு மாதம் தடை செய்தது, உலகச் சாம்பியன் பட்டத்துக்கு மோதுகிற ஆளைத் தேர்ந்தெடுக்கிற 2022 கேண்டிடேட்ஸ் போட்டியில் அவர் ஆட முடியவில்லை. செர்கே ஷிபோவ் என்ற இன்னொரு கிராண்ட்மாஸ்டர் மேலும் அதே விசாரணை, அவரை விட்டுவிட்டார்கள், பேச்சில் அவ்வளவு சூடு இல்லை, கார்யாகின் அளவுக்குப் பெயரும் இல்லை என்று காரணம். பிரபலமானவனுக்கு ஒரு சட்டமா? எனக்கு அது ஒப்பவில்லை. கார்யாகினுடைய இடத்துக்கு வந்தவர் டிங் லிரென், அடுத்த வருஷம் உலகச் சாம்பியன் ஆனார், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அவரை வென்றது நம் சென்னைப் பையன் குகேஷ். விதி எங்கெங்கே சுற்றி வருகிறது பாருங்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாமல்லபுரம் ஒலிம்பியாட், வேட்டி கட்டிய குதிரைத் தம்பி, எல்லோருக்கும் நினைவிருக்கும். அது ரஷ்யாவில் நடக்க வேண்டியது, போரினால் 2022ல் நமக்கு வந்தது. ரஷ்ய அணிக்கும் பெலாரஸ் அணிக்கும் இடமில்லை. பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது உக்ரைன், ஊரில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது. நாம் நஷ்டப்பட்டு எதுவும் செய்யவில்லை, நமக்கு லாபம்தான், இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம் என்று அர்த்தம். முக்கியமானது கடைசியில் மாட்டிக்கொண்டது. அதே சமயம் சென்னையில் ஃபிடே தலைவர் தேர்தல். நாட்டுக்கு ஒரு ஓட்டு. ரஷ்யாவின் முன்னாள் துணைப் பிரதமர் ஆர்காடி துவோர்கோவிச்சுக்கு 157, எதிர்த்து நின்ற உக்ரைன்காரருக்கு 16. துவோர்கோவிச்சோடு துணைத் தலைவராக நின்று வந்தவர் நம் ஆனந்த். ரஷ்ய அணிக்குத் தடை, ரஷ்யத் தலைவருக்கு மாலை! அடுத்த நாட்டு ஜனநாயகத்துக்கு அறிக்கை எழுத உட்காருகிற எந்தத் தேசியச் சங்கமும், அன்றைக்குத் தன் ஓட்டு எந்தப் பக்கம் விழுந்தது, ஏன் விழுந்தது என்று தன் உறுப்பினர்களுக்கு முதலில் சொல்லட்டும், நம்முடையதும் சேர்த்துத்தான். கை காட்டிவிட்டார்கள். நேயர்களே, வணக்கம்.