அடகுச் சீட்டும் உணவு மதிப்பெண்ணும்

நேயர்களுக்கு வணக்கம்.

இலங்கையில் 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை அந்த ஆண்டின் இறுதியில் நீக்கப்பட்டபோது, பெரும்போகப் பயிர், அதாவது மாரிகாலத்து முதன்மை நெற்பயிர், ஏற்கெனவே போதிய உரமின்றி வயலில் நின்றிருந்தது. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதும், நீர் இறைக்கும் தோட்டக்காரரும் படகோட்டும் கடற்றொழிலாளரும் ஒரே நாளில் அடிபட்டார்கள். இத்தகைய அடியை ஒரு கிராமத்துக் குடும்பம் எவ்வளவு தாங்கும் என்பதை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவையில் எது நழுவிப்போகிறது என்பதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் உணவு நுகர்வு மதிப்பெண், கடந்த 7 நாட்களில் எந்த உணவு எத்தனை நாள் உண்ணப்பட்டது என்று கேட்கிறது. சோற்றுக்கு நாளொன்றுக்கு 2, பருப்புக்கு 3, மீனுக்கும் பாலுக்கும் 4, மரக்கறிக்கு 1, எண்ணெய்க்கும் சீனிக்கும் அரை என்பது கணக்கு. கிளிநொச்சிப் பக்கத்தில் இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் வாரம் முழுவதும் சோறு, எண்ணெய், சீனி. ஐந்து நாள் மரக்கறி, நான்கு நாள் பருப்பு, மூன்று நாள் மீன். கூட்டினால் இரண்டு வீட்டுக்கும் 50தான். ஆனால் ஒரு வீட்டில் மீன் வாங்கிய காசு முட்டை விற்று வந்தது. மற்ற வீட்டில் தாலிக்கொடியை அடகு வைத்து வந்தது. மதிப்பெண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அதனால்தான் சமாளிப்பு வழிகளை, அதாவது உணவோ காசோ போதாதபோது குடும்பம் என்ன செய்தது என்பதை, தனியே கேட்கிறார்கள். இதற்கான சுருக்கப்பட்ட சமாளிப்புச் சுட்டெண்ணில் ஐந்தே கேள்விகள். அவற்றுள் மிக அதிகமான 3 என்ற எடை, பிள்ளைகள் உண்பதற்காகப் பெரியவர்கள் தம் உணவைக் குறைத்தார்களா என்ற கேள்விக்கு உரியது. இந்தக் கேள்வியை வீட்டுத் தலைவரிடம் கேட்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. சட்டியின் அடியில் மிஞ்சியதையே உண்டு எழுந்தவர் பெரும்பாலும் அவராக இருப்பதில்லை.

பொருளை விற்றது, அடகு வைத்தது, காணியைக் கைவிட்டது ஆகியவற்றைக் கடந்த 30 நாட்களுக்குக் கேட்கும் இன்னொரு பட்டியல் உண்டு. அதில் 'இல்லை' என்ற பதில் இரு வகைப்படும்: தேவைப்படவில்லை என்பது ஒன்று, விற்பதற்கு இனி எதுவும் இல்லை என்பது மற்றது. நீரிறைக்கும் இயந்திரத்தைச் சென்ற ஆண்டே விற்றுவிட்ட குடும்பம் இந்த மாதம் எதையும் விற்றிருக்காது. கணக்கெடுப்பவர் அவசரத்தில் இரண்டையும் ஒரே கட்டத்தில் குறித்துவிட்டால், முற்றிலும் ஓய்ந்துபோன வீடு வலுவான வீடாகப் பதிவாகிவிடும்.

தாங்குதிறன் என்பது ஒரே வருகையில் தெரிவதன்று. மாசி, பங்குனி அறுவடை முடிந்து நெல் மூட்டை திண்ணையில் இருக்கும்போது ஒரு முறையும், கார்த்திகையில் விதைத்துவிட்டுக் கையிருப்புத் தீர்ந்திருக்கும்போது மறுமுறையும் அதே வீடுகளுக்குச் செல்ல வேண்டும். இரண்டாம் முறை, தாங்க முடியாமல் ஊரைவிட்டுப் போனவர்களின் வீடுகள் சில பூட்டிக் கிடக்கும். அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியவற்றுக்குச் சராசரி எடுத்தால், கிராமம் முன்னேறியதாகவே எண்கள் காட்டும்.