லெப்ட் பேக்கோட அம்மா தெச்ச கருப்பு ஷார்ட்ஸ்

கோபி பக்கத்துல ஒரு காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேல நான் பேசுனது இது. பேசுனபடியே டைப் பண்ணியிருக்கேன்.

எல்லாருக்கும் வணக்கமுங்க. பிரின்சிபால் மேடம், பி.டி. சார், இந்த வெயில்லயும் பிள்ளைங்க ஓடறத பாக்கோணும்னு வந்து உக்காந்திருக்கற அப்பா அம்மாமாருங்க, அப்புறம் என்ற தங்கச்சிங்க எல்லாத்துக்கும். என்னைய புட்பால் பிளேயர்னு சொல்லி கூப்புட்டிருக்கீங்க, நான் இப்ப ஒரு கவர்மெண்ட் ஸ்கூல்ல பி.டி. டீச்சருங்க. காலேஜ் டீம்ல வெளையாண்டது மூணே வருஷம், 2013ல சேந்து 2016ல வெளிய வந்தேன். அந்த மூணு வருஷத்த பத்தித்தான் பேசப்போறேன், அதுலயும் என்னைய பத்தி கம்மியா, கூட வெளையாண்டவளுகள பத்தி எச்சா. பேரு சொல்ல மாட்டேனுங்க, அவளுகள கேக்காம வந்துட்டேன். கிரவுண்டுல நாங்க பேரு சொல்லி கூப்புட்டதும் இல்ல, அவவ நின்னு ஆடற எடத்த வெச்சு கீப்பரு, ஸ்டாப்பரு, லெப்ட் பேக்குன்னே கத்தி கத்தி அதே பேரா நெலச்சுப்போச்சு.

எனக்கு காங்கேயம் பக்கம். நான் பந்து ஒதைக்க பழகுனது எங்க கொறங்காட்டுல. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல வெள்வேல மரம், மாடு ஒரு பக்கம் மேயும், நானும் என்ற அண்ணனும் ஒரு பக்கம் ஒதைப்போம், முள்ளு குத்தி பந்து பொசுக்குனு போயிரும். ஸ்கூல்ல கோ கோதான் ஆடுனேன், எங்க பி.டி. சார் தான் நீ ஓடற ஓட்டத்துக்கு புட்பால் ஆடு அம்மணின்னு தாட்டி உட்டாரு. அப்புறம் கோயமுத்தூர்ல காலேஜ், ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டு, ஹாஸ்டல். காத்தால அஞ்சரைக்கு எந்திரிச்சு கிரவுண்டுக்கு ஓடோணும், ஏன்னா ஏழு மணிக்கு மேல கிரிக்கெட்டுக்கு உட்டுரோணும்.

எங்க டீமுல பதினாறு பேரு. கீப்பரு தாராபுரம், ஸ்டாப்பரு பொள்ளாச்சி பக்கம், லெப்ட் பேக்கு பல்லடம். ஞாயித்துக்கெழம ஆனா பாதி டீமு பல்லடத்துல லெப்ட் பேக் வீட்டுல தான் கெடக்கும், அவங்க அம்மா வட்டல் நெறைய அரிசிம்பருப்பு சோறு போட்டு மேல நெய்ய ஊத்துவாங்க. அவங்க திருப்பூர்ல பனியன் கம்பெனில பவர் டேபிள் டெய்லருங்க. வாரம் பூரா ஒன்றரை ஷிப்டு, வெளிநாட்டுக்குப் போற ஸ்போர்ட்ஸ் டிரஸ் எல்லாம் அவங்க கையில தச்சு போகும், ஆனா ஒரு மேட்ச் கூட பாத்ததில்ல. அந்தம்மா எங்களுக்காக என்ன பண்ணுனாங்கன்னு சொல்லோணும், அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லோணும், இங்க ஆம்பளைங்களும் இருக்கீங்க, இருங்க, நல்லதுதான்.

பர்ஸ்ட் இயர்ல எங்களுக்கு குடுத்த டிரஸ் வெள்ளை ஷார்ட்ஸ். ஒரு மேட்ச்ல, செகண்ட் ஹாப் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல, எங்க விங்கர் பொண்ணு ஓடிட்டே இருந்தவ சட்டுனு கிரவுண்டு நடுவுலயே உக்காந்துட்டா. அடிபட்டுச்சோன்னு ஓடுனோம். அடியெல்லாம் இல்லீங்க, பீரியட்ஸ். சுத்தியும் பசங்க கூட்டம். அவ எந்திரிக்கவே மாட்டேங்கறா. எங்க கீப்பரு கோல் போஸ்ட்ட உட்டுப்போட்டு அந்த கோடியில இருந்து ஓடி வந்தா, வந்து யாரையும் ஒண்ணும் கேக்கல, எல்லாரும் கைய கோருங்கன்னா. பத்து பேரும் வட்டமா நின்னு அவள நடுவுல உட்டு அப்படியே நடந்து ரூமுக்கு கூட்டிட்டுப் போனோம். ரெப்ரி விசில வாய்ல வெச்சுட்டு ஊதாமயே நின்னாரு. அந்த மேட்ச்ல தோத்தோம்னு நெனைக்கறேன், ஸ்கோரு ஞாபகமே இல்ல, அந்த வட்டம் மட்டும் ஞாபகம் இருக்குது.

அந்த வாரம் லெப்ட் பேக் அவங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கா. அந்தம்மா திருப்பூர் காதர்பேட்டைல போயி கருப்பு துணி எடுத்து, ஞாயித்துக்கெழம அவங்களுக்கு இருக்கற ஒரே லீவுல, தெரிஞ்சவங்க ஜாப் ஒர்க் யூனிட்ல மெஷின் கேட்டு, பொழுதோட உக்காந்து பதினாறு ஷார்ட்ஸ் தெச்சாங்க. உள்ளுக்குள்ள ஒரு மடிப்பு எச்சா வெச்சு, இடுப்புல நாடா வெச்சு. பணம் குடுக்கப் போனப்ப துணிக்கு மட்டும் வாங்கிட்டாங்க. 2023 வேர்ல்டு கப்புக்கு இங்கிலாந்து பொண்ணுங்க டீமு இதே காரணத்துக்கு வெள்ளை ஷார்ட்ஸ மாத்தி நீலம் போட்டாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. எங்க பல்லடத்து அம்மா அதைய 2014லயே பண்ணிட்டாங்க. எனக்கு அதுல ரொம்ப பெருமைங்க.

செகண்ட் இயர்ல என்ற முட்டி போச்சு. யாரும் மோதல, யாரும் தொடக்கூட இல்ல, பந்தோட திரும்புனேன், காலு அங்கயே நின்னுச்சு, ஒடம்பு திரும்பிருச்சு, உள்ள டப்புனு ஒரு சத்தம். ஒரு எடத்துல சுளுக்குன்னு சொல்லி கட்டு போட்டு உட்டுட்டாங்க, ரெண்டு மாசம் அதுலயே வீணாப்போச்சு. அப்புறம் ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியுது ஏ.சி.எல். கிழிஞ்சிருக்குன்னு, முட்டிக்குள்ள எலும்புகள சேத்து புடிச்சிருக்கற நாரு அது. தொடைல இருந்து தசைநார எடுத்து வெச்சு ஆப்பரேஷன், திரும்ப ஆட ஒம்பது மாசம். இந்த ஏ.சி.எல். அடி ஆம்பளைங்கள விட பொம்பளப் பிள்ளைங்களுக்கு எச்சா வருதுங்க. இடுப்பு அமைப்பு, குதிச்சு எறங்கற விதம், பசங்க காலுக்கு செஞ்ச ஷூவ போட்டு ஆடறதுன்னு காரணம் பல சொல்றாங்க. உலக புட்பால் சங்கம் பிபா, இந்த மாதிரி அடி படாம இருக்க ஒரு வார்ம் அப் போட்டிருக்கு, பிபா 11 பிளஸ்னு பேரு, 15 எக்சர்சைஸ், 20 நிமிஷம், காசு செலவே இல்ல. பி.டி. சார், உங்க பிள்ளைங்களுக்கு வாரத்துல ரெண்டு தடவையாச்சும் இதைய பண்ண வைங்க சார், அன்னிக்கு எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லல.

எங்கப்பா போதும்னுட்டாரு. காலு ஊனமாயிட்டா யாரு கட்டுவாங்கன்னு ஒறம்பரைங்க வேற வந்து நாயம் பேசிட்டு போறாங்க. ஒரு ஞாயித்துக்கெழம பாத்தா இட்டேரி வழியா வரிசையா நடந்து வராளுக, பத்து பேரும், காங்கேயத்துல பஸ் மாறி எறங்கி. வாசல்ல உக்காந்தாளுக. லெப்ட் பேக் தான் வாய தொறந்தா. "ஏனுங்க அப்பா, காலு சரியாகற வரைக்கும் நாங்க பாத்துக்கறமுங்க, வெளையாடறதா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாமுங்க." எங்கப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, மாட்டையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம், "காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டு போங்க அம்மணி"ன்னாரு. அவ்வளவுதானுங்க, எங்க வீட்டுல அதான் சம்மதம்.

பிசியோக்கு பஸ்ல கூட்டிட்டு போறதுக்கு முறை போட்டு வெச்சிருந்தாளுக, நோட்டு கிழிச்சு ஹாஸ்டல் கதவுல ஒட்டி. திங்கள் கீப்பரு, புதன் விங்கரு, வெள்ளி லெப்ட் பேக்கு. என்ற ரெக்கார்டு நோட்டு பூராவும் எழுதிக் குடுத்தது ஸ்டாப்பரு.

அந்த ஸ்டாப்பர பத்தி சொல்லாம எறங்கக் கூடாது. தேர்டு இயர்ல யூனிவர்சிட்டி டீம் செலக்சன், தென்மண்டல போட்டிக்கு. நான் முட்டி சரியாகி வந்து ரெண்டு மாசம் கூட ஆகல, என்னைய எடுத்துட்டாங்க, அவள உட்டுட்டாங்க. அவ என்னைய விட நல்ல பிளேயர், இதைய அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் மைக்குல சொல்றேன். ஒரு மாசம் என்ற கூட பேசல. நான் அவ மேல தப்பு சொல்ல மாட்டேங்க, எனக்கு நோட்டு எழுதுன கை அது, அவளுக்கு எப்படி பொக்குனு ஆயிருக்கும். சினேகிதம்னா சண்டையே வராதுன்னு எவளாவது சொன்னா நம்பாதீங்க. நான் கெளம்பற அன்னிக்கு கோயமுத்தூர் ஜங்ஷன்ல, அன்ரிசர்வ்டுல எடம் புடிச்சு உக்காந்துட்டேன், ஜன்னல் பக்கம் வந்து நிக்கறா. என்ற ஸ்டட்ஸோட, புட்பால் ஷூவோட, அடி பிஞ்சு போனது அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. அவளோட ஸ்டட்ஸ ஜன்னல் கம்பி வழியா உள்ள தள்ளுனா. "அஞ்சாம் நம்பர் தான், உனக்கு சரியா இருக்கும், கயிற ரெட்ட முடிச்சு போடு"ன்னா. அழுவாச்சி வந்துருச்சுங்க, அதுக்குள்ள வண்டி நகந்துருச்சு. அந்த ஸ்டட்ஸ்ல தான் நாலு மேட்ச் ஆடுனேன்.

2016ல முடிச்சோம். பொண்ணுங்களுக்குன்னு தேசிய லீக், ஐ.டபிள்யூ.எல்., அந்த 2016-17 சீசன்ல தான் ஆரம்பிச்சது. அதுக்குள்ள எங்கள்ல நாலு பேருக்கு கல்யாணம் ஆயிருச்சு, ஸ்டாப்பருக்கும் சேத்து. 2018ல கட்டாக்ல தமிழ்நாடு டீமு மணிப்பூர ஜெயிச்சு மொதோ தடவையா தேசிய சாம்பியன் ஆச்சு, 2019ல மதுரை சேது எப்.சி. அந்த லீக்கையே ஜெயிச்சுது. டீவில, போன்ல பாக்கறப்பெல்லாம் சந்தோசம்தான், ஆனா ஒரு ரெண்டு வருஷம் தள்ளிப் பொறந்திருந்தா எங்க ஸ்டாப்பரும் அங்க நின்னிருப்பாளேன்னு நெஞ்சுக்குள்ள ஒண்ணு இடிக்கும்.

அப்பா அம்மாமாருங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். 1982ல தான் நம்ம பாரதியார் யூனிவர்சிட்டி ஆரம்பிச்சாங்க. அதே 1982ல அமெரிக்காவுல காலேஜ் பொண்ணுங்களுக்கு மொதோ என்.சி.ஏ.ஏ., அதான் அந்த ஊரு காலேஜ் ஸ்போர்ட்ஸ் சங்கத்தோட, புட்பால் சாம்பியன்ஷிப் நடந்துச்சு, நார்த் கரோலினா யூனிவர்சிட்டி ஜெயிச்சுது. அங்க ஆடிட்டிருந்த காலேஜ் பொண்ணுங்கதான் ஒம்பதே வருஷத்துல, 1991ல, பொண்ணுங்களுக்கான மொதோ வேர்ல்டு கப்ப தூக்குனது. வேற ஒண்ணுமில்லீங்க, படிக்கற காலத்துல ஆட உட்டாங்க, படிச்சு முடிச்சும் ஆட உட்டாங்க. நம்மூர்லயும் வழி இருக்குது, தமிழ்நாட்டுல கவர்மெண்ட் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு, கடலூர்க்காரங்க இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கும் ஆடியிருக்காங்க, போலீஸ்ல சப் இன்ஸ்பெக்டராவும் ஆயிருக்காங்க. மூணாவது வருஷம் முடிஞ்ச ஒடனே பந்த புடுங்கி அட்டாலில போட்டுராதீங்க, அவ்வளவுதான் கேக்கறேன்.

போன வருஷம்னு ஞாபகம் வெச்சுக்காதீங்க, தேதியே சொல்றேன், 2025 ஜூலை 5. தாய்லாந்துலயே, சியாங் மாய்ல, இந்தியா பொண்ணுங்க தாய்லாந்த 2-1 ஜெயிச்சாங்க, சங்கீதா பாஸ்போர் ரெண்டு கோலும். ரெண்டு வேர்ல்டு கப் ஆடுன டீமு தாய்லாந்து. தகுதிச் சுத்து ஜெயிச்சு ஏசியன் கப்புக்கு இந்தியா போறது அதான் மொதோ தடவை. எங்க குரூப்ல ராத்திரி பூரா மெசேஜ். காத்தால லெப்ட் பேக்கோட அம்மா போன் போட்டாங்க, இப்ப கண்ணு செரியா தெரியாததுனால கம்பெனிக்கு போறதில்ல. ஜெயிச்சத பத்தி எல்லாம் கேட்டுப்போட்டு கடைசில, "அந்த பிள்ளைங்க என்ன கலர் ஷார்ட்ஸ் கண்ணு போட்டிருந்தாளுக?"ன்னாங்க.

சரிங்க, எனக்கு பின்னாடி ரிலே இருக்குது. ஒண்ணு மட்டும், வர ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு எங்க பழைய டீமு ஆடப்போகுது, பொள்ளாச்சில, ஸ்டாப்பரு ஊர்ல. எங்க கீப்பருக்கு போன மாசம் தான் ரெண்டாவது கொழந்தை பொறந்திருக்கு, வர முடியாது. இங்க உங்கள்ல யாராச்சும் கீப்பர் இருந்தா நான் எறங்குன ஒடனே வந்து பேரு குடுங்க கண்ணு. டிரஸ் நாங்க தர்றோம்.