வளவில் உட்கார்ந்து கோரியின் படங்கள்

வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில் இருந்து பேசுகிறேன். புறாச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், கூரைக்குள் கூடு கட்டியிருக்கிறது. இன்றைக்கு எட்வர்ட் கோரியைப் பற்றி.

படம் வரைந்து கதையும் எழுதிய அமெரிக்கர். 1925இல் சிகாகோவில் பிறந்து 2000இல் இறந்தவர். படங்களைப் பார்த்தால் அந்தக் காலத்து லண்டன்காரர் என்றுதான் தோன்றும். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கடல் தாண்டினார், அதுவும் ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கு.

இது 1963இல் வந்த அவருடைய புத்தகம், 'தி கேஷ்லிகிரம்ப் டைனீஸ்'. அம்மா, ஆடு என்று நாம் படித்தோமே, அதே மாதிரி எழுத்துக்கு ஒரு குழந்தை. 26 எழுத்து, 26 குழந்தைகள். எல்லாரும் இறந்துபோகிறார்கள், அதுவும் தாலாட்டு மாதிரியான சந்தத்தில்.

கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். இருட்டு மொத்தமும் பேனாக் கோடுதான். குறுக்கும் நெடுக்கும் மயிரிழை மாதிரி. புத்தகத்தில் இருக்கிற அதே அளவில்தான் வரைவாராம். சுவர், தரை எல்லாம் கோடு, முகம் மட்டும் வெறும் வெள்ளைத்தாள். பேசில் என்கிற பையனிடம் கரடிகள் வந்துவிட்டன, இன்னும் தொடவில்லை. அதோடு நிறுத்திவிடுகிறார். மிச்சத்தை நாமே வரைந்துகொள்கிறோம். என்னை விடாமல் பிடித்தது நெவில். அவன் இறந்தது சலிப்பினால். ஒரு ஜன்னல், அதன் கீழ் விளிம்பில் தலையும் இரண்டு கண்ணும். அவ்வளவுதான்.

பேய்ப்பட ஓவியர் என்று இவரைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பேயே இல்லை. நல்ல சட்டை போட்ட பிள்ளைகள், பெரிய வீடு, யாரும் கூப்பிடாத மௌனம்.

இந்த வீட்டை வீடியோ எடுத்துப் போட்டால், ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்குத் தூணையும் பார்த்து 'அந்தக் காலம் எவ்வளவு அழகு' என்கிறீர்கள். அழகுதான். ஆனால் எனக்கு ஏழு வயதில் ஒரு படைப்பு ஞாபகம் இருக்கிறது, வீட்டில் இறந்துபோனவர்களுக்குத் துணி வைத்துக் கும்பிடுகிற நாள். புதுச் சேலைகளுக்கு நடுவே ஒரு சின்னச் சட்டை, நீலக் கட்டம் போட்டது. எனக்குத்தான் என்று நினைத்துக் கை நீட்டினேன். அப்பத்தா என் கையை மெல்ல விலக்கி, சட்டையை மடித்துப் பேழைக்குள் வைத்தார்கள்.

யாருக்கு என்று கேட்டேன். "பிள்ளைக்கு" என்றார்கள். எந்தப் பிள்ளை என்று அப்புறம் யாரும் சொல்லவில்லை. முகப்பில் மாட்டியிருக்கிற படங்களிலும் அப்படி ஒரு குழந்தை இல்லை.

சரி, இதுதான் நான் இப்போது வரைந்துகொண்டிருப்பது. 0.1 பேனா. மூன்று நாளாகப் பேழைக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கே கோடு போடுகிறேன். சட்டை இருக்கிற இடத்தில் இன்னும் பேனா வைக்கவில்லை.