தனிவழியே சிறந்தது: தில்லிப் பொங்கல் விழாப் பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மூடுபனி மாலையிலும் துவாரகையிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் வந்து அரங்கை நிறைத்திருக்கும் தில்லித் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

'பல மாநிலங்களைக் கடக்கும் சாலைப் பயணத்துக்கு ஏற்றது தனிவழியா, துணைவழியா?' என்பது தலைப்பு. துணையில்லாமல் தனியே போவதே, அதாவது தனிவழியே, ஏற்றது என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை அடுக்கிவிட்டுப் போனார். ஓட்டுகிறவருக்குக் கண் சொருகினால் மாற்றி ஓட்ட ஆள் வேண்டும் என்றார். பெண் தனியே போவது ஆபத்து என்றார். சங்க காலத்துப் பாணன்கூடச் சுற்றம் சூழத்தான் நடந்தான் என்று இலக்கியத்தையும் சாட்சிக்கு அழைத்தார். மூன்றுக்கும் பதில் சொல்வேன். அதற்கு முன், இந்த ஊரில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி ஏன் நெருக்கமானது என்று சொல்லிவிடுகிறேன்.

நாம் ரயிலில் வளர்ந்தவர்கள். 1929-இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் 1976-இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும்தான் நம் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து இறக்கின. புது தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். அத்தனை தூரத்தில் நமக்குத் தெரிந்தது என்ன? போபாலில் தேநீர், நாக்பூரில் ஆரஞ்சு, விஜயவாடாவில் இட்லிப் பொட்டலம். சம்பல் ஆற்றை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம், பாதி முறை தூங்கிக்கொண்டே. தலைமுறை தலைமுறையாக நாட்டின் இரண்டு முனைகளையும் அறிந்தவர்கள் நாம். நடுவில் கிடக்கும் நாடு நமக்கு ஜன்னலுக்கு வெளியே ஓடிய ஒன்று.

அந்த நடு நாட்டை நான் பார்த்தது என் காரில், தனியாக. மலை மந்திரில் வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு, மூடுபனிக் காலம் முடிந்த பிறகு புறப்பட்டேன். போனது 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் இது 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளம் கொண்டது; நாட்டிலேயே நீளமானது. 2010-இல் எண்களை மாற்றியபோது பல பழைய சாலைகளை இணைத்து ஒரே எண் கொடுத்தார்கள். ஊரில் பெரியவர்கள் இன்னும் 'ஏழாம் நம்பர் ரோடு' என்கிறார்களே, வாரணாசியிலிருந்து குமரிக்கு வந்த அந்தப் பழைய சாலையின் தென்பகுதி இப்போது இதற்குள் இருக்கிறது.

இந்தச் சாலையில் ஆறுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். தோல்பூரைத் தாண்டினால் சம்பல். நீள்மூக்கு முதலைகளுக்காகச் சரணாலயமாகக் காக்கப்படும் ஆறு அது. நரசிங்கபூருக்கு முன்னால் நர்மதை. நிர்மலைத் தாண்டிக் கோதாவரி, பிறகு கிருஷ்ணை, கர்னூலில் துங்கபத்திரை, பரமத்தி வேலூரில் காவிரி, மதுரையில் வைகை, நெல்லையில் தாமிரபரணி. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் நீலக்கோடு போட்ட ஆறுகளை ஒவ்வொன்றாகப் பாலத்துக்கு முன் இறங்கி நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் நிற்பது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நர்மதைக் கரையில் நான் நின்ற நேரத்துக்கு, கூட மூன்று பேர் இருந்திருந்தால், மூன்று பேரும் முகம் சுளித்திருப்பார்கள்.

ஆனால் என் வாதம் ஆறுகளைப் பற்றியது அன்று, மனிதர்களைப் பற்றியது. லக்னாதோனுக்கு அருகே ஒரு தாபாவில் சாப்பிட நிறுத்தினேன். ஓரத்தில் ஒரு ரிக் வண்டி நின்றது. திருச்செங்கோட்டு வண்டி. ஆழ்துளைக் கிணறு தோண்டத் திருச்செங்கோட்டு வண்டிகள் போகாத மாநிலம் இந்தியாவில் அரிது என்பது உங்களுக்குத் தெரியும். வண்டி நிழலில் அடுப்பு மூட்டிப் புழுங்கலரிசிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தொலைபேசியில் தமிழில் பேசுவதைக் கேட்ட ஒரு தம்பி, "அக்கா, தனியாகவா வருகிறீர்கள்? எங்களோடு சாப்பிடுங்கள்" என்றார். சோறும் புளிக்குழம்பும் தட்டில் வந்தன.

அவர்கள் வடக்கே சாகர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். நானோ சாகரைக் கடந்து வந்தவள். சாகரும் லலித்பூரும் அடங்கிய புந்தேல்கண்டைப் பற்றி அவர்கள் சொன்னதைக் கேட்டபோது, நான் அந்த நிலத்தைக் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கவே இல்லை என்று தோன்றியது. அடியில் கருங்கல், மேலே மெல்லிய மண். மழைநீர் உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடிவிடுகிறது. போன முறை ஓர் ஊரில் ஐந்நூறு அடி தோண்டியும் புழுதிதான் வந்ததாம். காசு கொடுத்த விவசாயி ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டார், அவருடைய தாயார் வந்து எங்களுக்கு மோர் கொடுத்தார் என்று அந்தத் தம்பி சொன்னார். லலித்பூர் தாண்டிச் சாலையோரம் குடங்களோடு நடந்த பெண்களை நானும் பார்த்திருந்தேன். அவர்கள் எதற்காக அவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று எனக்குச் சொன்னவர்கள் கொங்கு நாட்டு இளைஞர்கள்.

வழியையும் அவர்கள்தான் சொன்னார்கள். சிவனியைத் தாண்டினால் பெஞ்ச் காடு. இருட்டிய பிறகு அங்கே ஓட்ட வேண்டாம், சிவனியிலேயே தங்கிக் காலையில் போங்கள் என்றார்கள். மறுநாள் போனேன். காட்டுக்குள் சாலை தூண்கள்மேல் ஏறிப் போகிறது. புலியும் மானும் அடியில் கடந்துபோக வழி விட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வழிகளில் ஒன்றின் நீளம் 750 மீட்டர். வண்டிகளின் ஒளியும் இரைச்சலும் கீழே போகாதபடி இருபுறமும் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்பு எதற்கென்று முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

இப்போது எதிரணித் தலைவரின் பாணனுக்கு வருகிறேன். சுற்றத்தோடு போனான் என்பது உண்மை. ஆனால் ஆற்றுப்படை எங்கே தொடங்குகிறது, ஐயா? பரிசில் பெற்றுத் திரும்பி வருகிறவன் எதிரே வருகிறவனைக் கண்டு, இந்த வழியே போ, இந்த நிலத்தில் இன்ன உணவு கிடைக்கும், இவர்கள் உன்னை வரவேற்பார்கள் என்று சொல்லும்போது தொடங்குகிறது. வழி சொன்னவன் சுற்றத்தான் அல்லன், எதிரே வந்த அந்நியன். அவன் பேச, இவன் நின்று கேட்டான். ஆற்றுப்படை என் அணியின் சாட்சி. நால்வர் சேர்ந்து போகும் காரில் பேச்சு காருக்குள்ளேயே நடக்கிறது. வீட்டில் விட்ட வாதத்தை ஆக்ராவில் தொடர்கிறார்கள், நாக்பூரில் முடிக்கிறார்கள். தாபாவில் ஒரே மேசையில் வட்டமாக உட்கார்ந்துவிட்டால் அந்த வட்டத்துக்குள் நுழைய எந்த ரிக் வண்டித் தம்பிக்கும் துணிவு வராது.

அடுத்து, தூக்கம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 100-க்கு 71 பேர் இறந்ததற்கு அரசு அறிக்கை சொல்லும் காரணம் அதிவேகம். ஓட்டுநர் தனியாக இருந்தார் என்பது அங்கே காரணமாக இல்லை. மாற்றி ஓட்ட ஆள் இருந்தால் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். வண்டி நிற்பதே இல்லை. இரவு முழுக்க நீ கொஞ்சம், நான் கொஞ்சம் என்று ஓட்டுகிறார்கள். பின்னிருக்கையில் குலுங்கிக்கொண்டே அரைத்தூக்கம் போட்டவர், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாக ஓட்டுகிறவருக்கே நாளுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 5 மணி நேர வேலைக்குப் பின் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றது. தனியாகப் போகிறவரால் இந்த வரம்பை மீறாமல் இருக்க முடியும், ஏனென்றால் அவரிடம் இருப்பது ஓர் உடம்பு. இரண்டு பேர் சேர்ந்தால் எட்டும் எட்டும் பதினாறு என்று கணக்குப் போடத் தோன்றுகிறது. நான் சூரியன் சாய்வதற்குள் ஊருக்குள் அறை எடுத்துவிட்டேன். களைப்பு வந்த இடத்தில் நிறுத்தினேன். இன்னும் நூறு கிலோமீட்டர் போய்விடலாமே என்று சொல்ல யாரும் இல்லை.

செலவு தனியாளுக்குக் கூடும் என்றார்கள். ஆமாம், கூடும்.

கடைசியாகப் பெண்களின் பாதுகாப்பு. எதிரணியில் பேசிய சகோதரியும் இதை அக்கறையோடுதான் கேட்டார், அந்த அக்கறைக்கு நான் தலை வணங்குகிறேன். அச்சம் பொய் என்று சொல்லமாட்டேன். அதற்குச் செய்ய வேண்டியவை உண்டு. பாதித் தொட்டிக்குக் கீழே எரிபொருளை இறங்கவிடக் கூடாது. கழிப்பறைக்குப் பெரிய பெட்ரோல் நிலையங்களைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. இரவில் ஓட்டக் கூடாது. இத்தனையும் துணையோடு போகிற பெண்ணுக்கும் வேண்டியவைதான்.

ஆனால் சகோதரி, துணை கிடைக்கும் வரை காத்திரு என்று ஒரு பெண்ணிடம் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று இந்த அரங்கில் இருக்கும் பெண்களைக் கேளுங்கள். கணவருக்கு விடுப்பு கிடைக்க வேண்டும். மகனுக்குத் தேர்வு முடிய வேண்டும். தோழி வருவதாகச் சொல்வாள், அவள் மாமியாருக்கு உடம்புக்கு வந்துவிடும். கோடை போகும், மழை போகும், மறுபடியும் மூடுபனி வந்துவிடும். என் தாயார் நாற்பது ஆண்டுகள் இந்த ஊரில் இருந்தார். குவாலியர் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். தில்லியிலிருந்து ஒரு பகல் பயணம்தான். ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவரால் வர முடியாமல் போனது. அவர் பார்க்கவே இல்லை. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது, அந்தக் காலத்தில் கற்றுத்தரவும் ஆளில்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். துணை வேண்டும் என்ற நிபந்தனையை இனியும் நம் மகள்களுக்கு வைக்கலாமா?

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. அடுத்து எழுந்திருக்கப் போகும் எதிரணி நண்பர், தில்லியிலிருந்து மதுரைக்கு நால்வராகக் காரில் போய்வந்தவர் என்று அறிமுகத்தில் சொன்னீர்கள். அவரிடம் ஒரே கேள்வி. அந்த 2,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியில், காருக்கு வெளியே இருந்த யாரோடு அமர்ந்து ஒரு வேளையாவது சாப்பிட்டீர்கள், அவர் உங்களுக்கு என்ன சொன்னார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தன் வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.