கிம் யூனா விட்டுவிட்ட ஒரு தாவல்

[திரையில்: ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டி. ரயில் வந்து நிற்கிறது.]

இங்கே ஜேகியூப் கடைத்தொகுதி இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்கா மகளை அங்கே ஸ்கேட்டிங்குக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தடுப்போரமாக நடுங்கிக்கொண்டிருப்பேன். 60க்கு 30 மீட்டர், ஒலிம்பிக் அளவில் சிங்கப்பூருக்கு இருந்த ஒரே பனித்தளம் அது. 2012இல் திறந்தது, 2023 ஆகஸ்டில் மூடினார்கள்.

ஒருநாள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, வான்கூவர் ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில ஜப்பானோட மாவோ அசாடா மூணரைச் சுத்து சுத்தினாங்களாமே. அப்புறம் எப்படி கிம் யூனா ஜெயிச்சாங்க?"

தாய்மாமன் தெரியாது என்று சொல்லலாமா? வீட்டுக்கு வந்து அந்தப் போட்டியின் மதிப்பெண் தாளைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். இந்த வீடியோ அப்படிப் பிறந்ததுதான்.

[திரையில்: ஷூவின் அடிப்பாகம், மிக அருகில்.]

முதலில் இந்தக் கத்தியைப் பாருங்கள். அடிப்பாகம் தட்டை இல்லை. நடுவில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அதனால் ஒரே கத்திக்கு இரண்டு விளிம்பு: உடம்பின் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. முனையில் ரம்பப் பல் மாதிரி இருக்கிறதே, அதைப் பனியில் குத்தித்தான் சில தாவல்களுக்கு எழும்புவார்கள்.

எந்த விளிம்பிலிருந்து எழும்புகிறார்கள் என்பதை வைத்துத்தான் தாவலுக்குப் பெயர். இடது கால் வெளிவிளிம்பில் பின்னோக்கி வந்து, வலது கால் முனையைக் குத்தி எழுந்தால் லட்ஸ். அதே வருகை, ஆனால் உள்விளிம்பு என்றால் ஃப்ளிப். பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான். தாளில் 2010இல் மூன்று சுற்று லட்ஸுக்கு 6 புள்ளி, ஃப்ளிப்புக்கு 5.5. ஆக்செல் மட்டும் முன்னோக்கி எழும்புகிற தாவல். அதனால் அரைச் சுற்று கூடுதல். மூன்றரைச் சுற்று ஆக்செலுக்கு 8.2.

சரி, கிம் யூனாவுக்கு வருவோம். 1990இல் தென்கொரியாவில் பிறந்தவர். அவர் வளர்ந்தபோது அங்கே இந்த விளையாட்டுக்கென்று தனித்தளம் கிடையாது. பொதுமக்கள் சறுக்கும் தளத்தில், கூட்டம் கலைந்த பிறகு பயிற்சி. நம்மூர்ப் பிள்ளைகளின் கதைதான். பிறகு கனடா போய், டொராண்டோவில் பிரையன் ஆர்சரிடம் சேர்ந்தார். அந்தக் கிளப்பின் பெயரில் முதலில் வருவது கிரிக்கெட், அப்புறம்தான் ஸ்கேட்டிங். எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

2007, 2008 உலகப் போட்டிகளில் முதுகு வலியோடும் இடுப்பு வலியோடும் இரண்டு வெண்கலம். 2009இல் லாஸ் ஏஞ்சலிஸில் 207.71 எடுத்து உலக சாம்பியன். புதிய மதிப்பெண் முறையில் 200ஐத் தாண்டிய முதல் பெண் அவர்தான்.

[திரையில்: வான்கூவர், பிப்ரவரி 2010.]

போட்டி இரண்டு பகுதி: முதலில் குறுநிகழ்ச்சி, பிறகு நெடுநிகழ்ச்சி. இரண்டின் புள்ளியையும் கூட்டித்தான் முடிவு. குறுநிகழ்ச்சியில் முதலில் அசாடா. மூன்றரை ஆக்செல், ஒட்டினாற்போல் டோ லூப் என்ற இன்னொரு வகைத் தாவல், இரண்டு சுற்று. 8.2உம் 1.3உம் சேர்த்து அடிப்படை மதிப்பு 9.5. அடுத்து வந்தவரே கிம். மூன்று சுற்று லட்ஸ், இறங்கிய வேகத்திலேயே மூன்று சுற்று டோ லூப். 6உம் 4உம் சேர்த்து 10.

என் அக்கா மகளுக்கான பதில் இந்த இடத்திலேயே பாதி வந்துவிட்டது. அரங்கமே வாய் பிளந்த ஆக்செலைவிட, இந்த ஜோடித் தாவலுக்கு அரைப் புள்ளி கூட.

மீதிப் பாதி, தாவலின் தரம். நடுவர்கள் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். கிம்மின் அந்த ஜோடிக்கு இன்னும் 2 சேர்ந்து 12 ஆனது. குறுநிகழ்ச்சி முடிவில் கிம் 78.50, அசாடா 73.78.

இரண்டு நாள் கழித்து நெடுநிகழ்ச்சி. சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை மதியம். நீல உடையில் வந்த கிம் 150.06 வாங்கிக்கொண்டு போனார். அசாடா அந்த நிகழ்ச்சியிலும் இரண்டு மூன்றரை ஆக்செல் இறக்கினார். ஆனால் பிற்பாதியில் தாவல்கள் கைவிட்டன. மொத்தம் கிம் 228.56, அசாடா 205.50. இடைவெளி 23 புள்ளிக்கு மேல்!

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கிம்மின் நிகழ்ச்சியில் மூன்று சுற்று லூப் கிடையவே கிடையாது. டோ லூப் வேறு, லூப் வேறு. அந்தத் தாவலோடு அவருக்கு எப்போதும் தகராறு. மல்லுக்கட்டாமல் விட்டுவிட்டார். கையில் இருப்பதைப் பிசிறில்லாமல் செய்தால் போதும் என்ற கணக்கு. வான்கூவரில் அந்தக் கணக்கு அவருக்குத் தங்கம் தந்தது.

[திரையில்: சோச்சி, பிப்ரவரி 2014.]

அடுத்த இரண்டு உலகப் போட்டிகளிலும் வெள்ளி, பிறகு ஓய்வு, 2013இல் திரும்பி வந்து மறுபடி உலக சாம்பியன். அதற்கடுத்த வருடம் சோச்சி ஒலிம்பிக். நமக்கு அதிகாலை. கடைசியாக ஆடியவர் கிம். எங்கும் விழவில்லை, தடுமாறவில்லை. தங்கம் மட்டும் ரஷ்யாவின் 17 வயது அடெலினா சோட்னிகோவாவுக்குப் போனது. 224.59க்கு எதிராக 219.11. கொரியாவில் கொந்தளிப்பு.

நானும் முதலில் 'அநியாயம்' கட்சிதான். தாளைப் படித்த பிறகு அவ்வளவு அடித்துச் சொல்ல முடியவில்லை. நெடுநிகழ்ச்சியில் சோட்னிகோவா எடுத்துவந்த அடிப்படை மதிப்பு 61.43, கிம்முடையது 57.49. சோட்னிகோவாவிடம் மூன்று சுற்றுத் தாவல் ஏழு, கிம்மிடம் ஆறு. லூப் இந்த முறையும் இல்லை. ஆடத் தொடங்கும் முன்பே கிட்டத்தட்ட நான்கு புள்ளி கீழே நிற்கிறார். வான்கூவரில் எதிராளி தடுமாறியதால் உறைக்காதது, சோச்சியில் உறைத்தது.

ஆனால் கலை, வெளிப்பாடு, சறுக்கும் திறமை என்று நடுவர்கள் தருகிற இன்னொரு பகுதி இருக்கிறதே, அதில் கிம் 74.50, சோட்னிகோவா 74.41. இது மட்டும் எனக்கு இன்றுவரை தொண்டையில் இறங்கவில்லை. எந்த நடுவர் எவ்வளவு கொடுத்தார் என்பதும் அப்போது ரகசியம். 2016இல்தான் அந்த ரகசியத்தை எடுத்தார்கள்.

கிம் அந்த வெள்ளியோடு ஓய்வு பெற்றார். கலந்துகொண்ட எந்தச் சர்வதேசப் போட்டியிலும் பதக்கம் இல்லாமல் திரும்பியதில்லை.

நம் பக்கம் ஒரு செய்தி: தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஃபிகர் ஸ்கேட்டிங் முதன்முதலாக வந்தது 2017இல், கோலாலம்பூரில். பெண்கள் தங்கம் சிங்கப்பூரின் யூ ஷூரானுக்கு. அன்று எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

[திரையில்: லட்ஸ் தாவல், மெதுவாக.]

வான்கூவர் காட்சியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். கிம் எழும்பும் நொடியில் நிறுத்தி, முகத்தை விட்டுவிட்டு இடது காலைப் பாருங்கள். கணுக்கால் வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். அக்கா மகள் அந்த இடத்தில் திரையைத் தொட்டு, "ஆறு" என்றாள்.