சொப்பிங் பைக்குள் ஒரு குடும்பம்

(வட்டக்கச்சியில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

சட்டம் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டீர்கள். சட்டப் புத்தகத்தை விரித்து வைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கிளிநொச்சியில் எங்கள் கந்தோர் மிகச் சிறியது. இரண்டு சட்டத்தரணிகள், ஒரு தட்டெழுத்துப் பிள்ளை, வாசலில் ஒரு வாங்கு. அந்த வாங்கில் வந்து இருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே அக்கராயனில் இருந்தும் பூநகரியில் இருந்தும் தருமபுரத்தில் இருந்தும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள் இருப்பார்கள். அநேகமாகப் பெண்கள். மடியில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, ஜி.எஸ். என்கிற கிராம சேவகர் தந்த கடிதம், மடிப்பில் கிழிந்த காணிப் பேர்மிற், அதாவது அரசாங்கக் காணிக்கான அனுமதிப் பத்திரம். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து செட்டிகுளம் முகாம் வரைக்கும் அந்தப் பையை விடாமல் கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். பையையே பறிகொடுத்தவர்கள் அதைவிட அதிகம். வன்னியில் குடும்ப வழக்கு என்பது பெரும்பாலும் இந்தப் பையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதில்தான் தொடங்குகிறது.

நேரே "எனக்கு விவாகரத்து வேணும்" என்று கேட்டு வருபவர்கள் குறைவு. "மிஸ், ஒரு கடிதம் எழுதித் தருவீங்களோ" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கடிதம் யாருக்கு என்று கேட்டால் பதில் வராது. அப்புறம் மெல்ல மெல்லக் கதை வரும். ஒன்பதரைக்கு நான் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். ஆனாலும் அந்தக் கதையை இடையில் வெட்டக் கூடாது என்பதைத் தொழிலுக்கு வந்த முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டேன். வெட்டினால் முக்கியமான விஷயம் அவர்களோடேயே திரும்பிப் போய்விடும்.

தாபரிப்பு, அதாவது மனைவி பிள்ளைகளின் செலவுக்குக் கொடுக்க வேண்டிய காசு பற்றி ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் வைத்திருங்கள். கணவன் விட்டுப்போய்விட்டால் முதலில் விவாகரத்து எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் செலவுக் காசு கேட்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது பிழை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், திருமணம் நிலைத்திருக்கும்போதே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். எழுத்து இல்லாமல், அதாவது திருமணப் பதிவு இல்லாமல், பிறந்த பிள்ளைக்கும் கேட்கலாம். அவர் சம்பளக்காரர் என்றால் அந்தச் சம்பளத்தில் இருந்தே கழித்து அனுப்பும்படி நீதிமன்றம் கட்டளையிட முடியும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

வீட்டுக்குள் அடி விழுந்தால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடித்தவரை மறியலுக்கு, அதாவது சிறைக்கு, அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கை வைக்காதே, கிட்டப் போகாதே என்று நீதிமன்றம் சொல்வதற்கான வழி அது.

எழுத்து இல்லாத கலியாணங்களுக்கு வருகிறேன். யுத்தத்தின் கடைசி வருடங்களில் இங்கே எத்தனையோ பிள்ளைகளுக்கு அவசரம் அவசரமாகத் தாலி கட்டி வைத்தோம். ஏன் என்று இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. பதிவுகாரரைத் தேடிப் போகும் நிலைமையா அது? இப்போது அந்தப் பெண்களிடம், "எழுத்து இல்லையென்றால் நீ மனைவி இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள், சொந்தக்காரரே சொல்கிறார்கள். எங்கள் பொதுச் சட்டத்தில் பதிவு என்பது திருமணத்துக்கு மிகச் சிறந்த சான்று. அது ஒன்றுதான் சான்று என்று சட்டம் சொல்லவில்லை. வழமைப்படி நடந்த சடங்கு, கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்த வாழ்க்கை, தாலி கட்டும்போது பக்கத்தில் நின்ற பெரியவர்களின் சாட்சியம் எல்லாவற்றுக்கும் பெறுமதி இருக்கிறது. அந்தப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம், எடுத்து வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். போன வருடம் இருந்த சாட்சி இந்த வருடம் இருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன்.

இனி, என் மனதில் கல்லாகக் கிடக்கும் விஷயத்தைச் சொல்கிறேன். ஊரையும் அடையாளத்தையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஓர் அம்மா வந்தார். தகப்பன் அவருக்குச் சீதனமாக எழுதிய காணி, அவர் பெயரிலேயே உறுதி, அதாவது காணிப் பத்திரம், இருக்கிறது. மகளுக்குக் கலியாணம் பேசியாயிற்று, அந்தக் காணியை மகளுக்கு எழுத வேண்டும். உறுதி முடிக்கப் போன இடத்தில் கணவனின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அது சரிதான். தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம் எங்களில் அநேகருக்குப் பொருந்துகிறது. 1707இல் டச்சுக்காரர் எழுதி வைத்த எங்கள் வழமை அது. அதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றுவதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவன் தன் காணியை விற்க மனைவியிடம் அப்படிக் கேட்கத் தேவையில்லை. இது அநியாயம் என்றே நான் சொல்கிறேன், மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறேன்.

ஆனால் அந்த அம்மாவின் கணவர் 2009இல் காணாமல் போனவர். "மரணச் சான்றிதழ் எடுங்கோ, அலுவல் சுகமாக முடியும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட நாளில் இருந்து அவர் எந்தக் கந்தோருக்கும் போகவில்லை. நாலு வருடம். மகளின் கலியாணமும் அதோடு இழுபட்டது. என்னிடம் வந்தபோது முதலில் சொன்னது, "நான் அவர் செத்துப்போனார் என்று கையெழுத்து வைக்க மாட்டன்."

வைக்கத் தேவையில்லை அம்மா என்றேன். அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அல்லது கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து, அந்தச் சம்மதம் இல்லாமலே உறுதி முடிக்க அனுமதி கேட்கலாம். "இருக்கும் இடம் தெரியாது" என்று சொன்னால் போதும். அவர் இறந்தார் என்று ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. அதேபோல 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமல் போனவர்களுக்கென்று மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லும் கடதாசி அது. அதை எடுத்தால் தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று ஆகிவிடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்துக்கு இருந்த தாய்மாரில் பலருக்கும் அந்தப் பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். சான்றிதழ் எடுப்பதும் எடுக்காததும் உங்கள் முடிவு. ஆனால் மனு என்ற வழி இருப்பது தெரியாமல் ஒரு பெண் நாலு வருடம் வீட்டில் இருந்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த மனு ஏற்கப்பட்டது. உறுதியில் கணவரின் கையெழுத்து வர வேண்டிய இடத்தில் நீதிமன்றக் கட்டளையின் இலக்கத்தைத் தட்டெழுதினோம். அம்மா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அவர் வந்தால் இதைக் காட்டலாம்தானே" என்று கேட்டார். காட்டலாம் என்றேன்.

சரி, கடைசியாகப் பேர்மிற் காணி. இங்கே இருக்கிற உங்களில் பாதிப்பேருக்கு மேல் குடியேற்றத் திட்டக் காணியில்தான் இருக்கிறீர்கள். அந்தக் காணிக்குத் தேசவழமை செல்லாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் அதை ஆள்கிறது. உரித்தாளர் தனக்குப் பின் யாருக்கு என்று பின்னுரித்தாளரை நியமித்திருக்க வேண்டும். அந்த நியமனம் அவர் உயிரோடு இருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். "அப்பா எனக்குத்தான் தாறன் என்று சொன்னவர்" என்பது அங்கே எடுபடாது. நியமனம் இல்லாமல் இறந்தால் முன்பெல்லாம் ஆண்பிள்ளைகள்தான் வரிசையில் முன்னுக்கு நின்றார்கள். 2022இல் வந்த திருத்தம் அதை மாற்றி, மூத்த பிள்ளை ஆணோ பெண்ணோ ஒன்றுதான் என்று ஆக்கியது. வயலில் அப்பாவோடு நின்று உழைத்த எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு அது பிந்திக் கிடைத்த நியாயம்.

ஆனபடியால் இந்தக் கிழமையே ஐயாமார் பேர்மிற்றை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். காணிப் பகுதியில் இருக்கும் பிள்ளையிடம், என் பின்னுரித்தாளர் என்று யாருடைய பெயர் பதிவில் இருக்கிறது என்று கேளுங்கள். இடம்பெயர்ந்ததில் பதிவேடு அழிந்திருந்தால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் கேட்கட்டும். விளங்காத கடதாசி ஏதும் தந்தால் அங்கே கையெழுத்து வைக்காமல், அந்தச் சொப்பிங் பையோடு எங்கள் வாங்குக்கு வாருங்கள். வாசித்துச் சொல்வதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.