அடிக்குறிப்பில் ஒரு தீர்ப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பஸ் ரூட் மாறி மாதக்கணக்கான பிறகும் நிறுத்தத்தில் பழைய பலகையே தொங்கும், பார்த்திருப்பீர்கள். விவரம் தெரியாதவர் அதை நம்பி அரைமணி நேரம் நிற்பார். 66ஏ என்ற சட்டப் பிரிவின் கதையும் அப்படித்தான் இருந்தது. என்ன, இங்கே நிற்க வேண்டிய இடம் போலீஸ் ஸ்டேஷன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. இணையத்தில் அனுப்புவது எரிச்சல், அசௌகரியம் தந்தால் குற்றம் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். எது எரிச்சல், யாருக்கு எரிச்சல்? அது மட்டும் இல்லை. தண்டனையோ மூன்றாண்டு வரை. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் சிறுதொழில் செய்யும் ஒருவரை விடியற்காலையில் வீட்டுக்கே வந்து கைது செய்தார்கள். மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினாராம். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். கைதுக்குப் பிறகு நாடே படித்தது. அடுத்த மாதம் மும்பை பக்கம் பால்கரில் இரண்டு இளம்பெண்கள். ஒருவர் முகநூலில் எழுதினார், இன்னொருவர் லைக் போட்டார். அவ்வளவுதான்.

ஷ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி உச்ச நீதிமன்றம் போனார். பியூசிஎல் என்கிற மக்கள் சிவில் உரிமைக் கழகமும் போனது. 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பு. நானும் இனிப்பு கொடுத்தவன்தான்.

அப்புறம் ஒருநாள் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கினேன். புதுப் பதிப்பு. பிரித்தால் 66ஏ முழுசாக இருக்கிறது! தலைப்பில் எறும்பு அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தால், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: செல்லாது. இரவு பதினொரு மணிக்குப் புகார் எழுதும் ஏட்டு அதையா பார்ப்பார்? என் கற்பனை என்று நினைக்காதீர்கள். சட்டப் பிரிவு புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, ரத்தானது அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று 2021இல் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே நீதிமன்றத்தில் சொன்னார்.

தீர்ப்பு டெல்லியில் எழுதப்படுகிறது. ஸ்டேஷன் மேசைக்கு அது தானாக நடந்து வராது, யாராவது தூக்கிக்கொண்டு வர வேண்டும். தூக்கியது பியூசிஎல். ஜெயித்த வழக்குக்காக மறுபடி படியேறியது. தீர்ப்பு நகலை எல்லா மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கும் அனுப்பச் சொல்லி 2019இல் உத்தரவு வாங்கியது. அப்படியும் 2021 மார்ச்சில், 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் நிலுவை. செத்துப்போன சட்டத்தில்! இதை எண்ணிச் சொன்னதும் அரசு இல்லை. இணையச் சுதந்திரத்துக்கான ஒரு அமைப்பு நீதிமன்றப் பதிவுகளைத் துழாவிச் சேர்த்த கணக்கு. 2022 அக்டோபரில்தான், இனி யார் மீதும் இந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது.

இணைய முடக்கம், அதாவது அரசு ஒரு பகுதியில் இணையத்தை நிறுத்தி வைப்பது, அது பற்றியும் பேசக் குறித்து வைத்திருந்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக: முடக்க உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020இல் பத்திரிகையாளர் அனுராதா பாசின் போட்ட வழக்கில் தீர்ப்பு வந்தது. அதையும் இப்போது சிலர் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், ஆர்டிஐ மனுவும் கையுமாக. வணக்கம்.